மேல்காட்டிலிருந்து இறங்கிய பச்சை

அண்ணன் மிளகு மரத்திலிருந்து விழுந்த அன்று, ஏறியிருக்க வேண்டியவன் நான்.

கொல்லிமலையில், குண்டூர் நாட்டில் எங்கள் காடு. காடு என்று நாங்கள் சொல்வது மழையை நம்பிய நிலத்தை. எங்களுடையது மேல்காடு, கீழ்காடு என்று படி இறங்கும். மேல்காட்டு வரப்போரம் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருந்தோம். பறிக்கிற காலத்தில் அண்ணனும் நானும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஏறுவோம். அன்று என் முறை. பனியில் மரம் வழுக்கும் என்று எனக்குப் பயம். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம்.

"காஞ்ச மிளகைப் பேளுக்குறிச்சி சந்தையில போட்டுட்டு வாரேண்ணா" என்றேன்.

"சரி, போயிட்டு வா சாமி. நான் ஏறிக்கிறேன்" என்றார்.

திரும்பும்போது பஸ் மலையில் பாதி வளைவு ஏறியிருந்தது. போன் அடித்தது. பக்கத்துக் காட்டுக்காரர். "எங்கிருக்கற?" என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. சிக்னல் போய்விட்டதென்றுதான் முதலில் நினைத்தேன்.

எங்களில் இறந்தவர்களைச் சொந்த நிலத்தில் புதைப்போம். அண்ணனை மேல்காட்டின் கீழ்மூலையில் வைத்துக் கல் அடுக்கினோம். அண்ணனுக்கும் அண்ணிக்கும் குழந்தை இல்லை. வீட்டில் அண்ணியும் நானும் மட்டும் மிஞ்சினோம்.

ஆடி மழைக்குக் கீழ்காட்டில் கேழ்வரகு விதைத்தேன். பல வருடம் மரவள்ளி போட்டு மண் இளைத்திருந்தது. அண்ணன் யூரியாவைத் தொடாதவர், சாணமும் தழையும்தான் போடுவார். அந்த வருடம் அதையும் போட யாருக்கும் மனமில்லை. பயிர் முழங்கால் உயரத்தில் வெளிறி நின்றது. ஆனால் கல் அடுக்கிய மூலைக்கு நேர்கீழே, ஓர் ஆள் அகலத்துக்கு, பயிர் கருகருவென்று இருந்தது.

முதலில் பார்த்தது அண்ணி.

"தம்பி, இங்க வாங்க" என்று கூப்பிட்டுக் காட்டினார். "உங்கண்ணன் எறங்கி வாராருங்க."

அவர் அழவில்லை. முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அதன் பிறகு அந்தப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் நடந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பச்சைக் கீற்று கண்ணோரத்தில் நின்றது.

மண் பரிசோதனைக்காக வேளாண்மை ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். நான்கைந்து இடத்தில் மண் எடுத்தவர், கருத்த பயிரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏனுங்கண்ணா, இதுக்கு மேல என்ன இருக்கு? மாடு கீடு பொதைச்சீங்களா?"

"ஆமாங்க" என்றேன். "மாடுதானுங்க."

மாடு என்றதும் அவர் தயக்கமில்லாமல் சொல்லிக்கொண்டே போனார். உடம்பில் சதை இருக்கிற இடமெல்லாம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைச் சிதைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைகிற உப்பாக்கிவிடும். மழை அதைச் சரிவில் இறக்கும். வேர் குடித்துக்கொள்ளும். அதனால்தான் இந்தப் பச்சை.

"எத்தன நாளைக்குங்க இருக்கும்?"

"சில வருசம் இருக்கும்ங்க. பயிர் எடுத்தது போக, மிச்சத்த இன்னொரு கிருமி காத்தாக்கி விட்டுரும்."

அவர் போன பிறகு வெகுநேரம் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். மாடு என்று சொன்ன நாக்கு கசந்தது.

அறுப்பில் அந்தக் கீற்றை நான் விட்டுவிட்டேன். அண்ணியே அறுத்துத் தனியாக அடித்து, திரித்துக் களி கிண்டினார். என் தட்டிலும் ஓர் உருண்டை வைத்தார். பிட்டேன், விழுங்க முடியவில்லை.

"சாப்பிடுங்க தம்பி" என்றார். "இத்தன வருசம் அவரு பாடுபட்டுப் போட்டதத்தான தின்னோம்."

விழுங்கினேன்.

அடுத்த வருடம் கீற்று இன்னும் கீழே நீண்டது, நிறம் குறைந்தது. மூன்றாம் வருடம் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. அண்ணி தினமும் காலையில் போய் நின்றுவிட்டு வருவார். வந்தால் சோறு சரியாக இறங்காது. போய்த் தொலையட்டும் என்று நான் வேண்டிக்கொண்ட பச்சைதான். போகிறதென்று தெரிந்ததும் அண்ணனை இரண்டாம் முறை கொல்கிற மாதிரி இருந்தது.

கடையில் ஒரு பை யூரியா வாங்கினேன். அண்ணி மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அந்தக் கீற்றில் மட்டும் கைகொள்ளாத அளவுக்கு அள்ளித் தூவினேன்.

பத்தே நாளில் கருத்தது. அண்ணி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்று நன்றாகச் சாப்பிட்டார். எனக்கும் அன்று மனம் லேசானது. ஆனால் அளவு மீறிய சத்தில் தாள் நெடுநெடுவென்று வளர்ந்து வலுவில்லாமல் போயிருந்தது. கதிர் பிடித்த வாரத்தில் அடித்த மழைக்கு அந்தக் கீற்று மட்டும் அப்படியே சாய்ந்தது. சுற்றிலும் பயிர் நிற்க, நடுவில் ஓர் ஆள் குப்புற விழுந்து கிடப்பது போலிருந்தது.

அண்ணியும் நானும் வரப்பில் நின்று பார்த்தோம்.

"உங்கண்ணன் யூரியா போட்டதில்லீங்க தம்பி" என்றார் மெதுவாக.

"உங்களுக்காகத்தான் அண்ணி..."

"தெரியும்ங்க. தூவுன மறுநாளே மண்ணுல வெள்ள வெள்ளயாக் கெடந்துச்சு."

எங்கிருந்து தைரியம் வந்ததென்று தெரியாது. "அன்னைக்கு ஏற வேண்டியது நானுங்க அண்ணி. பயந்துக்கிட்டுச் சந்தைக்குப் போயிட்டேன்" என்றேன்.

அவர் சாய்ந்த பயிரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுவும் தெரியும்ங்க. அவரே சொன்னாரு. தம்பி பயப்படறான், நானே ஏறிக்கிறேன்னு சிரிச்சுக்கிட்டுத்தான் போனாரு."

மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த விதைப்புப் பட்டத்துக்கு அந்த இடத்தில் மொச்சை ஊன்றச் சொன்னது அண்ணிதான். பூத்தபோது ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரெங்கும் சிறுசிறு முடிச்சுகள். காற்றில் இருக்கிற தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிற கிருமிகள் குடியிருக்கும் இடம். ஒன்றை நகத்தால் கிள்ளினேன். உள்ளே சதை மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது. விரலில் ஈரம் பட்டது.

மேல்காட்டிலிருந்து காற்று இறங்கி வந்துகொண்டிருந்தது. மிச்சத்தைக் கிருமி காற்றாக்கி விட்டுவிடும் என்று ஆபீஸ் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது. சட்டென்று மூச்சை உள்ளே இழுக்கத் தயங்கினேன். பிறகு, வேறு வழியில்லாமல், இழுத்தேன்.