பஸ் வரிசையில் இல்லாத வீரன்

என் சிறுவயதில் ஐரோப்பிய காமிக்ஸ் சாகச வீரர்கள் மட்டக் காகிதத்தில், விரலில் மை ஒட்டும்படி, எங்கள் தெருப் பெட்டிக்கடைக்கு வந்து தொங்குவார்கள். எல்லாரும் செந்தமிழ் பேசுவார்கள். மலையிலிருந்து விழும்போதுகூட இலக்கணம் பிசகாது. அவர்களைப்போல உலகம் சுற்றப்போவதாக நம்பிக்கொண்டிருந்தேன். சுற்றியது ஷார்ஜா தொழிற்பேட்டை வரைதான். அங்கே இரும்புக் கூரை செய்யும் ஆலையில் டிராஃப்ட்ஸ்மேன் உத்தியோகம்.

மகளுக்கு ஆறு வயதானபோது, ரத்தான வரைபடங்களின் பின்பக்கத்தில் அந்த வீரர்களைக் கேலி செய்து படக்கதை வரைய ஆரம்பித்தேன். நீளக் கோட்டும் தொப்பியுமாக ஒருவன். சிங்கத்துக்கு அஞ்சாதவன், விசிட் விசா முடியும் தேதிக்கு அஞ்சுவான். அவனுடைய கார் கராஜில் கிடக்கும். மெக்கானிக் “கல் ஆனா, பாய்” என்பார், நாளைக்கு வா என்று. பதினோரு பக்கமாகியும் அந்த நாளை வரவில்லை. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு அவனைக் கதையிலிருந்து எடுத்துவிட்டு, முழுப்பக்கக் கூட்டத்துக்குள் ஒளித்துவைத்து, மகளைத் தேடச் சொன்னேன். அந்தக் காலத்து காமிக்ஸ் ஓவியர்களும் இப்படித்தான் அடுத்தவருடைய நாயகனைச் சந்தை ஓரத்தில் கமுக்கமாக நிறுத்திவிடுவார்கள். எங்கள் தொழிலில் வரைபடத்தில் எதை மாற்றினாலும், அதைச் சுற்றி மேகம்போல வளைத்து வளைத்துக் கோடு போடுவது வழக்கம். மகளும் அவனைக் கண்டுபிடித்ததும் சிவப்பில் ஒரு மேகம் போட்டுவிடுவாள்.

ஷார்ஜாவிலேயே வளர்ந்தவள், போன வருடம் கல்லூரிக்காக அம்மாவுடன் கோயம்புத்தூர் போனாள். ஐம்பத்தொரு வயதில் நான் மறுபடி பேச்சலர் ஆனேன். ஷார்ஜாவின் ரோலா பகுதியில் மூன்று பேரோடு ஒரு ரூம். ஞாயிறுதோறும் ஒரு பக்கம் வரைந்து போனில் அனுப்புவேன். நாலு நிமிடத்தில் மேகத்தோடு திரும்பி வரும். “சாப்பிட்டியாம்மா?” என்பேன். “ம்.” அவ்வளவுதான். அவளுடைய பத்து நிமிடத்துக்கு ஆசைப்பட்டு அவனை ஷவர்மா கடைக் கண்ணாடியில், லாரி டயருக்குப் பின்னால் என்று ஒளித்துப் பார்த்தேன். நாலு நிமிடம் ஐந்தாகவில்லை. கண் அம்மாவுடையது.

போன மாதம் ரோலா பஸ் வரிசையை வரைந்து அனுப்பினேன். நாற்பது தலை. ஒரு மணி நேரமாக மேகம் வரவில்லை. போன் வந்தது.

“எங்கப்பா அவன்? வரிசைல இல்ல. ஜூஸ் கடைலயும் இல்ல.”

மூலப் படத்தை எடுத்துப் பார்த்தேன். உண்மையிலேயே இல்லை. நாற்பது பேருக்கும் சாப்பாட்டுப் பையை ஞாபகமாக வரைந்தவன், அவனை மறந்துபோயிருந்தேன்.

“நல்லா தேடும்மா,” என்றேன், வெட்கமில்லாமல்.

“சீட்டிங்! அம்மாகிட்ட காட்டட்டுமா?”

“வேண்டாம், அவ என்னையே பத்து செகண்ட்ல கண்டுபிடிக்கறவ.”

தேடிக்கொண்டே பேசினாள். இந்த ஆள் நம்ம பழைய வாட்ச்மேன் மாதிரி இல்ல? கேன்டீன் சாம்பார் யாரோ அழுத கண்ணீர் மாதிரி இருக்குப்பா. அப்புறம், மூன்றாவது வரிசைத் தலைகளைப் பார்த்தபடி, “ஏசி சத்தம் இல்லாம முதல் மாசம் தூக்கமே வரலப்பா,” என்றாள்.

“இத நீ சொல்லவே இல்லையேம்மா?”

“நீங்க எங்க கேட்டீங்க? சாப்பிட்டியான்னுதானே கேட்டீங்க.”

நாற்பத்தேழு நிமிடம். ரூம்காரர்கள் சோறு வடித்து, சாப்பிட்டு, தட்டும் கழுவிவிட்டார்கள்.

சாயங்காலம் படம் திரும்பி வந்தது. நாற்பது பேரையும் சேர்த்து வளைத்து ஒரே பெரிய மேகம். உள்ளே சிவப்பில் ‘மாஃபி’ என்று எழுதியிருந்தாள்; இங்கே கடைக்காரர்கள் இல்லை என்று கையை விரிக்கும் சொல். கீழே பொடி எழுத்தில்: ‘மறந்துட்டீங்கல்ல? அடுத்த வாரமும் மறந்துடுங்க.’

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவனை மறக்க உட்காருகிறேன். சுலபமாக இல்லை. எந்தத் தலையை வரைந்தாலும் அதன்மேல் தொப்பி வந்துவிடுகிறது. அழிக்க ரப்பர் வாங்கி வைத்திருக்கிறேன்.