சுத்தமான ரிப்போர்ட்

இங்கே பேருந்தில் தும்மினால் முன்பின் தெரியாதவர்கள்கூட ‘கெஸுன்ட்ஹைட்’ என்கிறார்கள். நலமாக இரு என்று பொருள். ஜெர்மனிக்கு வந்த முதல் வசந்தத்தில், மரங்கள் பூக்கப் பூக்க நான் ஓயாமல் தும்மினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாழ்த்து. நம் ஊரில் கிளம்புகிற நேரத்தில் தும்மினால் முறைத்துப் பார்த்து, உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். எனக்கு அதுதான் பழக்கம்.

தும்மல் நிற்காததால் போய்ப் பார்த்த டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார். இரண்டு நாள் முன்பிருந்தே, அலர்ஜிக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்டீராய்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மூக்கு ஒழுகாமல் போய் உட்கார்ந்தேன். அதைப் பெருமையாகச் சொல்லவும் சொன்னேன்.

“எதற்காகப் போட்டீர்கள்?”

“பரிசோதனை நல்லபடியாக வரத்தான்.”

என் ஜெர்மன் தகராறு என்று நினைத்து அதே கேள்வியை மெதுவாகக் கேட்டார். நானும் அதே பதிலை மெதுவாகச் சொன்னேன். பிறகு ஒரு தாளில் வட்டங்கள் போட்டு விளக்கினார். வெள்ளை அணுக்களில் இயோசினோஃபில் என்று ஒரு வகை. ஒவ்வாமை வந்தால் அவை திரண்டுபோய் மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் புகுந்து வீக்கத்தைக் கிளப்பும். இந்த மாத்திரை அவற்றை அடக்கும். வீக்கம் வடியும், ரத்தத்திலும் எண்ணிக்கை இறங்கிவிடும். “நோய் அப்படியேதான் இருக்கும். தாளில் தெரியாது, அவ்வளவே” என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

இங்கே வருமுன், சென்னையை அடுத்த ஒரகடத்தில் கார் இருக்கை செய்யும் கம்பெனியில் லைன் லீடராக இருந்தேன். பக்கத்து ஊரான வடக்குப்பட்டுக் கற்பகம் அங்கே பசை தடவுகிற இடத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தாள். அந்தப் பசை ஒத்துக்கொள்ளாமல் கையெல்லாம் தடிப்பு, அடிக்கடி இரைப்பு. மெடிக்கல் செக்கப் நெருங்கியபோது என்னிடம் வந்து நின்றாள்.

“அண்ணே, பிளட்ல இன்னா வருமோன்னு பயமா கீது. வூட்டுக்கு அனுப்பிச்சுடுவாங்களா?”

“இத ரெண்டு நாளு போட்டுக்கினு வா. ஒண்ணும் வராது” என்று இதே மாத்திரையைக் கொடுத்தேன்.

எங்கள் லைனில் எல்லோரும் செய்வதுதான். ஒன்றும் வரவில்லை. அதுவரை அதை உதவி என்றே சொல்லலாம். அடுத்து நான் செய்ததை எழுதத்தான் கை கூசுகிறது. ஆறு மாதம் கழித்து, மூச்சு முட்டுகிறது, பேக்கிங்குக்கு மாற்றுங்கள் என்று கேட்டாள். அவள் வேகத்துக்கு வேறு ஆள் கிடையாது. “ரிப்போர்ட் க்ளீனா கீதே, அப்புறம் இன்னாம்மா?” என்று அந்தத் தாளையே எடுத்துக் காட்டினேன். அது எப்படிச் சுத்தமானது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் மாஸ்க்கை ஏற்றிவிட்டுக்கொண்டு லைனுக்குப் போனாள். அந்த வருடம் என் லைன்தான் முதலிடம். அதற்குக் கிடைத்த சான்றிதழைக் காட்டித்தான் இந்த நாட்டு வேலையை வாங்கினேன்.

போன ஞாயிறு அவளுக்குப் போன் செய்தேன். வேலையை விட்டுவிட்டாளாம், நாலு படி ஏறினாலே இன்ஹேலர் வேண்டியிருக்கிறதாம். நான் செய்தது தப்பு என்று ஆரம்பித்தேன்.

“இன்னாண்ணே நீங்க. அந்த மாத்திரை இல்லன்னா அன்னிக்கே வேல போயிருக்கும்” என்றாள்.

அன்று நான் தாளைக் காட்டிய பேச்சை அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்காமல் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த பரிசோதனைவரை மாத்திரையைத் தொடக்கூடாது என்பது டாக்டரம்மாவின் கட்டளை. நேற்று பேருந்தில் அடக்க முடியாமல் தும்மினேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் வாழ்த்தினார். வடக்குப்பட்டுக் கற்பகத்துக்குப் போய்ச் சேர வேண்டிய வாழ்த்து அது. இங்கே உட்கார்ந்து நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.