ஓட்டு வீடா, கூரை வீடா

மகள் ஒரு கொரியப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்ன அன்று நான் அழவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. "எந்த ஊர்?" என்று மட்டும் கேட்டேன்.

"மவுண்ட் வெல்லிங்டன்" என்றாள்.

அது வீடு இருக்கும் இடம். நான் கேட்டது ஊர். நியூசிலாந்தில், இந்த ஆக்லாந்தில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு இந்த வித்தியாசத்தைப் புரியவைக்க முயல்வது வீண் வேலை என்பதால் அதோடு விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்றால் அவளிடம் கேட்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

பையனிடம் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. அதுவே உறுத்தியது. பிசியோதெரபிஸ்ட் வேலை, சிகரெட் கிடையாது, வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவான். என் வத்தக்குழம்பை மூக்கில் நீர் வழிய வழியச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்பான். ஒருவன் இவ்வளவு நல்லவனாக இருக்கவேண்டிய அவசியம் என்ன? அவனுடைய அப்பாவும் அம்மாவும் மாலுக்குப் பக்கத்தில் சுஷி கடை வைத்திருக்கிறார்கள். சுஷி ஜப்பான்காரர்களின் சாப்பாடு. கொரியர் எதற்காக அதை விற்கவேண்டும் என்று கணவரிடம் கேட்டேன். "நம்ம ஆளுங்க பட்டர் சிக்கன் விக்கலையா?" என்றார். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் இருக்கும். சமாதானம் சொன்னால் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும்.

ஒரு சனிக்கிழமை பையனின் பெற்றோர் கிளென் ஈடனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா ஒல்லியான மனிதர். ஒரு பெட்டி நிறைய பேரிக்காயை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து என்னிடம் நீட்டினார். காபி கொடுத்துவிட்டு, உங்கள் சொந்த ஊர் எது என்று மெதுவாக ஆரம்பித்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. போனை எடுத்துப் படங்களைக் காட்டத் தொடங்கினார். ஆறு ஒன்று ஊரை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு போகிறது. எதிர்க்கரையில் செங்குத்தான பாறை, இந்தப் பக்கம் பைன் தோப்பு, தோப்புக்கு நடுவே ஒரு மண்டபம். பெரிய பெரிய அறிஞர்கள் அங்கே வந்து உட்கார்ந்து கவிதை எழுதுவார்களாம். அந்தக் கவிதைகளைப் பலகையில் செதுக்கி மண்டபத்து உத்தரத்தில் மாட்டியிருக்கிறார்களாம். தெரிந்த கொஞ்ச இங்கிலீஷை வைத்துக்கொண்டு ஆற்றையும் நிலவையும் அவர் வர்ணித்த விதத்தில் என் கணவர் சொக்கிப்போனார்.

அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் நான் கேட்டேன்: "கவனிச்சீங்களா?"

"அருமையான ஊர்."

"ஊர் அருமைதாங்க. வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாரா? ஆறு சொன்னார், பாறை சொன்னார். அவர் பொறந்த வீடு எங்கன்னு சொன்னாரா?"

கணவர் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். என்ன சொல்ல வருகிறேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஏனென்றால் நாங்களும் அதைத்தான் செய்கிறோம். எங்கள் ஊரில் பெரிய கோயில் உண்டு. தீபாவளி விழாக்களில் நம் ஆட்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்த ஊர், எந்தப் பக்கம், அங்கே யாரைத் தெரியும் என்று நெருங்கி வரும்போதெல்லாம் நான் கோபுரத்தைப் பற்றியும் தேரைப் பற்றியும் பேச ஆரம்பித்துவிடுவேன். கேட்கிறவர் மலைத்துப்போய் அடுத்த கேள்வியை மறந்துவிடுவார். எந்தத் தெரு என்று நான் சொன்னதே இல்லை. எங்கள் வீடு எந்தத் தெருவிலும் இல்லை. ஊரைத் தாண்டி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், காலனியில் இருந்தது. கணவர் வீடும் அங்கேதான். தேர் அந்தப் பக்கம் திரும்பாது. கோயிலுக்குள் என் அப்பா கடைசிவரை கால் வைத்ததில்லை. இது எதுவும் மகளுக்குத் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று நாங்கள் இருவரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. சொல்லாமலே இருந்துவிட்டோம்.

அதனால்தான் அந்த மனிதரின் ஆறும் நிலவும் என் தூக்கத்தைக் கெடுத்தன. அவர் பொய் சொன்னால், பெண்ணை ஏமாற்றுக்காரர்கள் வீட்டுக்கு அனுப்புகிறேன். உண்மையைச் சொன்னால் அதைவிட ஆபத்து. கவிதை எழுதின பரம்பரைக்காரர்கள் மருமகளின் பூர்வீகத்தைத் தோண்டாமல் விடுவார்களா? யாராவது ஒரு தமிழரைப் பிடித்து விசாரித்தால் போதும். மகளும் பையனும் தகனினி பக்கம் வீடு வாங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்ட்கேஜ் வரைக்கும் பேச்சுப் போயிருந்தது. எல்லாம் கெட்டுப்போனால் மகள் என்னைத்தான் கேட்பாள்.

என்னோடு ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துத் தோழியின் பக்கத்து வீட்டில் ஒரு கொரியப் பெண்மணி இருக்கிறார். ஊர் பெயரைச் சொல்லி, நான் கேட்டதாகச் சொல்லாமல் விசாரித்துச் சொல்லும்படி தோழியிடம் கேட்டுக்கொண்டேன். அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் சேதியோடு வந்தாள்.

"ஓம், கேட்டனான். அது சரியான பெரிய பேர் எடுத்த ஊராம். புலவர்மார், படிச்ச ஆக்கள் எல்லாம் பாடின இடமாம். ஆனா ஒண்டு சொன்னவ. நடுவில இருக்கிற ஓட்டு வீடுகள்தான் பெரிய ஆக்களின்ர வீடாம். சுத்திவர இருக்கிற கூரை வீடுகளில இருந்தவை அவையளிட்ட வேலை செய்த ஆக்களாம். இவை எதில இருந்தவை எண்டு பாருங்கோ" என்றாள். டப்பாவை மூடிக்கொண்டே, "உங்கட ஊரும் பெரிய ஊர்தானே? கோயில் ஊர் எண்டு சொன்னனீங்கள்" என்று சேர்த்துக்கொண்டாள். நான் தேரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "கூரை வீடா இருந்தா கொஞ்சம் யோசிக்கணும்."

டிவியை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "யோசிச்சு?" என்றார். அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா, என் மேலா என்று அன்றைக்குத் தெரியவில்லை.

அடுத்து அவர்கள் எங்களைச் சாப்பிட அழைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை. நாங்கள் மாட்டுக்கறி சாப்பிட மாட்டோம் என்று யார் சொன்னார்களோ, எல்லாம் கோழியாகவே சமைத்திருந்தார்கள். நான் சாப்பிட்டதைவிடப் பார்த்ததுதான் அதிகம். கூடத்துச் சுவரில் அந்த ஊரின் படம் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ஆறு, பாறை, தோப்பு, மண்டபம். நடுவில் கருத்த ஓட்டுக் கூரைகள். கூரை வீடு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வேண்டுமென்றே வெட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்து பையனின் அம்மா எங்களுக்காகப் பேரிக்காயைத் தோல் சீவிக்கொண்டிருந்தார். இதுதான் சமயம் என்று படத்தைக் காட்டிச் சிரித்த முகத்தோடு கேட்டேன்: "இதில் உங்கள் வீடு எது?"

பையன் மொழிபெயர்த்தான். அவன் அம்மாவின் கத்தி நின்றது. மகள் ஆங்கிலத்தில், "அம்மா, போதும்" என்றாள். பையனின் அப்பா எழுந்து படத்தின் அருகே போனார். அவருடைய விரல் ஓட்டு வீடுகளைத் தொட்டது, தாண்டியது, மதில் ஓரமாக நகர்ந்தது, சட்டத்தையும் தாண்டி வெறும் சுவரில் ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது.

"இங்கே" என்றார்.

பிறகு கொரிய மொழியில் நிதானமாகப் பேசினார். பையன் வாக்கியம் வாக்கியமாகச் சொன்னான். அவருடைய தாத்தா படகுக்காரர். பெரிய வீட்டு ஆட்கள் நிலா வெளிச்சத்தில் படகில் போய்க் கவிதை சொல்லிக் குடிப்பார்கள். தாத்தா துடுப்புப் போடுவார். பலகையில் இருக்கும் கவிதைகளில் நிலா உண்டு, பாறை உண்டு, படகுகூட உண்டு. படகை ஓட்டியவன் இல்லை. ஊரைப் பற்றி யார் கேட்டாலும் அழகாக இருப்பதைத்தானே கேட்கிறார்கள், அதனால் அதையே சொல்லிப் பழகிவிட்டது என்றார். நடுவே பையன் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு அப்பாவிடம் ஏதோ கேட்டான். அவர் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்.

"எனக்கே இதெல்லாம் இப்போதான் தெரியுது, ஆன்ட்டி" என்றான் என்னிடம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிடித்துவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. நான் சந்தேகப்பட்டது சரியாகப் போய்விட்டது என்ற சந்தோஷம்கூட வந்தது.

பையனின் அம்மா பேரிக்காய்த் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, மரியாதையாகத் தன் இங்கிலீஷில் கேட்டார்: "உங்கள் ஊரில் உங்கள் வீடு எங்கே?"

கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க ஊர்ல ஒரு பெரிய கோயில்..." என்று ஆரம்பித்தார். நான் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த விரல் வெறும் சுவரில் போய் நின்றதைப் பார்த்த பிறகு, கோபுரத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் கூசியது. ஆங்கிலத்திலேயே சொன்னேன். ஊருக்குள் வீடு கட்ட எங்கள் ஆட்களை விடமாட்டார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தோம். கோயிலுக்குள்ளும் விடமாட்டார்கள். நான் சொல்லும் கோபுரத்தைத் தூரத்தில் இருந்துதான் பார்த்திருக்கிறேன்.

பையனின் அப்பா என்னைப் பார்த்துத் தலையை நன்றாகத் தாழ்த்தினார். எனக்கு நெஞ்சு லேசானது. கல்யாணம் நடக்கும், இனி யாரும் யாரையும் தோண்ட வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

மகள் மட்டும் தட்டைத் தொடவில்லை. வீட்டில் நான் தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள், அவர்களுக்குப் புரிந்துவிடக் கூடாது என்பதற்காக அன்று தமிழில் கேட்டாள்.

"அப்போ, அவங்க நம்ம மாதிரி இருந்துடக் கூடாதுன்னுதான் இத்தனை நாளா விசாரிச்சியா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கணவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பதிலுக்காகக் காத்திருந்தாள்.