பங்காளி இல்லாத கூரைகள்

உலகத்தில் பேர்போன கூரைகளையெல்லாம் நான் என் அண்ணன் புண்ணியத்தில்தான் பார்த்தேன். அவன் பல வருஷம் வெளிநாட்டில் கம்பி கட்டும் வேலை பார்த்தவன். சிங்கப்பூர், துபாய் என்று எங்கே இருந்தாலும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்புக்கு "சாப்டியா" என்று ஒரு வார்த்தை வராது, கூரைப் படம் வரும். கடலோரத்தில் கப்பல் பாய் விரித்தது போல நிற்கும் சிட்னி அரங்கம். மூன்று கட்டடங்களின் தலையில் படகைத் தூக்கி வைத்த சிங்கப்பூர் ஹோட்டல். செதில் செதிலாக ஓடு பதித்து முதுகு வளைந்து கிடக்கும் பார்சிலோனா வீடு. மாஸ்கோவில் வெங்காயம் வெங்காயமாக ஒரு தேவாலயம். எங்கள் ஊர் அகரத்தில் வெங்காயம் போடுகிற என் தம்பி அந்தக் கடைசிப் படத்தைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, வெங்காயத்தைக் கூரையில காயப்போட்டிருக்கானுக, மழை பேஞ்சா அழுகிறாதா?" என்று கேட்டான். அண்ணன் அவனிடம் ஒரு வாரம் பேசவில்லை. கூரை விஷயத்தில் கேலி செய்தால் அவனுக்கு ஆகாது.

அப்பா வீட்டை இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே சுவர் வைத்துப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். பிரித்துவிட்ட பெரியவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். அண்ணன் கூரைத் தண்ணீர் அண்ணன் பக்கம் விழ வேண்டும், தம்பி கூரைத் தண்ணீர் தம்பி பக்கம். எங்கள் ஊரில் கூரைத் தண்ணீருக்காக வெட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அதனால் சிரித்துக்கொண்டே போட்ட நிபந்தனை இல்லை அது.

அண்ணன் ஊர் திரும்பியதும் தன் பாதியை இடித்துவிட்டு சிட்னியைக் கட்டினான். கம்பி வளைத்து, வலை போட்டு, சிமெண்ட் பூசி, மேலே வெள்ளை ஓட்டுத் துண்டுகள் பதித்து மூன்று சிப்பிகள். வாய் மூன்றும் தெருவைப் பார்த்து. முதுகு மூன்றும் தம்பி முற்றத்தைப் பார்த்து. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். "தகரத்துல ஒரு வாய்க்கா மாதிரி அடிச்சு விட்டுருண்ணே, இல்லாட்டி தண்ணி எம் பக்கம் வந்துரும்" என்று தம்பி தன்மையாகத்தான் கேட்டான். அண்ணன் என்ன சொன்னான் தெரியுமா? "ஏலே, சிட்னிக்காரன் தகரம் அடிச்சிருக்கானா?"

அட கூறுகெட்டவனே! சிட்னிக் கூரையின் தண்ணீர் கடலில் விழுகிறது. கடல் வந்து சண்டை போடுமா? அந்தப் படங்களில் இருந்த கூரைக்கெல்லாம் பங்காளி கிடையாது. இதை நான் அன்றைக்கே அவன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். "டவுன்ல வாக்கப்பட்டுட்டா எல்லாம் தெரியுமோ?" என்று என்னையும் விரட்டிவிட்டான்.

எனக்கு இவர்கள் இருவரும் வேண்டும். ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த மகளுக்குப் பழனியில் காது குத்துவதாக வேண்டுதல். ஒரு காதுக்குப் பெரிய மாமன் மடி, மறு காதுக்குச் சின்ன மாமன் மடி என்று முடிவு செய்திருந்தேன். இரண்டு தாய்மாமன்கள் குத்துக்கல்லாக இருக்கும்போது ஒருவனை விட்டுவிட்டு எம்பிள்ளைக்குக் காது குத்த எனக்கு மனசு வரவில்லை.

ஐப்பசியில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் வைத்துக்கொண்டு அழைக்கப் போனேன். மத்தியானம். பஸ் தாடிக்கொம்பு தாண்டும்போதே வானம் கருத்துவிட்டது. நான் அண்ணன் வாசலில் கால் வைக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. மழையா அது! காற்று தென்னையைத் தரைக்கு வளைத்து அடித்தது. மூன்று சிப்பிகளிலும் விழுந்த தண்ணீர் மொத்தமும் வழுக்கிக்கொண்டு போய், தம்பி முற்றத்தில் இருந்த வெங்காயப் பட்டறை மேல் கொட்டியது. மூங்கில் தட்டி கட்டி, மேலே கீற்றுப் போட்டு, அடுத்த நடவுக்கு அவன் காபந்து பண்ணி வைத்திருந்த விதை வெங்காயம். கீற்று பிய்ந்தது. தட்டி சாய்ந்தது. வெங்காயம் சேற்றில் உருண்டு ஓடியது.

தம்பி வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தான். கடப்பாரையை எடுத்துக்கொண்டு நடுச்சுவரில் ஏறி, அண்ணன் கூரைக்குத் தாவி, முதல் சிப்பியின் முதுகில் ஓங்கி இறக்கினான். வீடே அதிர்ந்தது. சோற்றில் கை வைத்திருந்த அண்ணன் அப்படியே எழுந்தான். தேங்காய் வெட்டப் போட்டிருந்த அரிவாள் கையில் வந்துவிட்டது. நான் அவன் காலைக் கட்டிக்கொண்டேன். நெஞ்சில் ஒரு உதை விட்டான். எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! தாம்பாளத்தைத் தூக்கி அவன் நெற்றியில் எறிந்தேன். வெற்றிலை, பழம், பத்திரிகை எல்லாம் தண்ணீரில் மிதந்தன. நெற்றியில் ரத்தம் ஒழுக ஒழுக அவன் ஏணியில் ஏறினான்.

"எறங்குலே!"

"எறங்க மாட்டேன். எம் வெதையை அழிச்ச கூரை நிக்கக் கூடாது. வெட்டு, பாப்போம்!"

"அண்ணே, வேணாம்ணே! ஏலே தம்பி, குதிச்சிருலே!" என்று நான் கீழே நின்று கத்திய கத்து மழையில் யாருக்கும் கேட்கவில்லை. தம்பி கடப்பாரையை இன்னொரு தடவை இறக்கினான். சிப்பி பிளந்தது. அண்ணன் அரிவாளை வீசினான். கழுத்துக்குத்தான் வீசினான், நான் பார்த்தேன். ஓடு வழுக்கி அவன் கால் நகர்ந்ததில் வீச்சு மேலே போய்விட்டது. தம்பியின் வலது காது பாதி போயிற்று. இரண்டு பேரும் கட்டிப் புரண்டு, வெள்ளை ஓட்டில் சிவப்பாகக் கோடு இழுத்துக்கொண்டே வழுக்கி, வெங்காயச் சேற்றில் போய் விழுந்தார்கள். விழுந்த பிறகும் குத்திக்கொண்டார்கள். ஊர் ஆட்கள் வந்து பிரிக்கும்போது தம்பி வாயில் அண்ணனின் சட்டைத் துணி இருந்தது.

திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்தது. தலை முழுக்கக் கட்டோடு இருந்த தம்பி, "சறுக்கி விழுந்தேன் சார், ஓடு கிழிச்சிருச்சு" என்றான்.

"இம்புட்டு நேராவாய்யா ஓடு கிழிக்கும்?"

"அது ஃபாரின் மாடல் சார்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு இது கேட்டது. துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதான். எனக்கு இரக்கமே வரவில்லை. அழு, நல்லா அழு என்றுதான் நினைத்தேன்.

மறுநாளே அதே கடப்பாரையை எடுத்து அவனே தன் சிட்னியை இடிக்க ஆரம்பித்தான். கைக்குக் கொப்புளம் வந்து உடைந்தும் ஆள் விடவில்லை. இப்போது அங்கே இருப்பது தெருப்பக்கம் சரிந்த சாதாரணத் தகரம். வாட்ஸ்அப்பில் கூரைப் படங்களும் நின்றுபோயின. தம்பி மட்டும் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

காதுகுத்தைத் தை மாசத்துக்குத் தள்ளி வைத்தேன். இரண்டு பேரிடமும், "வரலைன்னா எம்பிள்ளை மூளிக் காதோட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்ன பிறகுதான் தம்பி முன்னால் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டோமே என்று உடம்பு கூசியது.

இருவரும் பழனிக்கு வந்தார்கள், தனித்தனி பஸ்ஸில். தம்பி மடியில் ஒரு காது குத்தி முடிந்தது. அடுத்து அண்ணன் உட்கார்ந்தான். ஆசாரி கம்பியை வைத்து அழுத்தியதும் பிள்ளை வீறிட்டாள். ஒரு சொட்டு ரத்தம் அண்ணன் விரலில் விழுந்தது. அவ்வளவுதான், அவன் கை வெடவெடவென்று ஆட ஆரம்பித்தது. பிள்ளையைப் பிடிக்க முடியவில்லை. கம்பி பாதியில் நிற்கிறது, ஆசாரி சத்தம் போடுகிறார்.

பாதிக் காதோடு பின்னால் நின்ற தம்பி குனிந்து, அண்ணனின் இரண்டு கைகளையும் தன் கைகளால் சேர்த்து அழுத்திப் பிடித்தான்.

"கெட்டியாப் பிடிண்ணே. ஆடுனா காது கிழிஞ்சிரும்."

காது குத்தி முடிந்ததும் கையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் இன்றுவரை அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.