டச்சிக்கு ஆத்தா வந்த வாரம்

1926இல் மலாயாவில், பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பெரிய துரையின் குதிரையைப் பார்த்துக்கொண்ட சன்னாசிக்கு இரண்டு நம்பிக்கைகள் உண்டு. ஒன்று, குதிரையைப் பற்றிக் குதிரை டாக்டரைவிடத் தனக்கு அதிகம் தெரியும். இரண்டு, தனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் மாரியாத்தா பார்த்துக்கொள்வாள். இவை இரண்டும் முட்டிக்கொள்ளாமல் பதினோரு வருஷம் ஓட்டிவிட்டார்.

குதிரையின் பெயர் டச்சஸ். சன்னாசிக்கு அது டச்சி. அவருடைய இடது சுண்டுவிரலில் பாதியை அது எப்போதோ கடித்துத் துப்பிவிட்டது. "நம்ம பொண்ணு கொஞ்சம் கோவக்காரி" என்பதற்கு மேல் அவர் குறை சொன்னதில்லை.

அடைப்பான் நோய்க்குப் பயந்து, வருஷம் ஒருமுறை ஈப்போவிலிருந்து மிருக டாக்டர் வந்து தோட்டத்து மாடுகளுக்கும் டச்சிக்கும் தடுப்பூசி போடுவார். குத்திய இடம் வீங்கும், இரண்டு நாள் காய்ச்சல் இருக்கும், தீனி குறையும். மற்ற வருஷங்களில் எலுமிச்சம்பழ அளவோடு நின்ற வீக்கம், இந்த முறை கழுத்தில் தேங்காயாக நின்றது. வெந்நீர் ஒத்தடம் கொடு, காலையும் மாலையும் மெதுவாக நடத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி அர்ச்சுனன் அதை இரண்டு தரம் தமிழில் சொன்னார். சன்னாசியும் இரண்டு தரம் தலையாட்டினார்.

ஆனால் ஊசி விஷயத்தில் அவருக்குச் சொந்த அனுபவம் இருந்தது. கப்பலை விட்டு இறங்கியதும் பினாங்கு முகாமில் அவர் கையில் அம்மைப்பால் குத்தினார்கள். கை வீங்கியது, காய்ச்சலும் வந்தது. ஊசி வழியாக வந்தாலும் ஆத்தா ஆத்தாதான், தண்ணீர் படக்கூடாது, வெளியே நடமாடக்கூடாது என்றார்கள் கூட வந்தவர்கள். அப்படியே இருந்தார், பிழைத்தார். குதிரைக்கு மட்டும் சட்டம் மாறிவிடுமா?

ஆகவே லாயத்து வாசலில் வேப்பிலை தொங்கியது. ஒத்தடமும் இல்லை, நடையும் இல்லை. வீட்டில் தாளிப்பும் நின்றது.

"எனக்கு அம்மை போட்டப்ப மூணாம் நாளே மீன் பொரிக்கச் சொன்ன ஆளுதானே நீங்க?" என்றாள் மனைவி வீரம்மா. "குதிரைக்குன்னா மட்டும் உப்பில்லாக் கஞ்சியா?"

"ஒனக்கு வாய் இருக்கு, ஆத்தாகிட்ட நீயே பேசிக்குவ. அது வாயில்லாச் சீவன்டி."

"வாயில்லையா? அப்ப ஒங்க விரலைத் தின்னது யாரு?"

நான்காம் நாள் வீக்கம் மார்புக்கு இறங்கியது. கழுத்தைத் தாழ்த்த முடியாமல் டச்சி கல்லாக நின்றது. தரையில் வைத்த வாளித் தண்ணீர் குறையவே இல்லை. துரை வந்து பார்த்தார்.

"நடக்க வைக்குதா? ஒத்தடம்?"

"எல்லாம் நடக்குது துரை" என்றார் சன்னாசி.

துரையின் முகம் கறுத்தது. நடையிலும் ஒத்தடத்திலும் வடியாத வீக்கம் ஊசியால் வந்ததாக இருக்க முடியாது. மற்ற மிருகங்களுக்கும் பரவும் சுர்ரா நோயாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினார். அது வந்த குதிரையைச் சுட்டுவிடுவது வழக்கம். டாக்டரோ வெளியூரில் இருந்தார்.

"நாளைக்குக் காலையில சுடப்போறாங்க" என்று கிராணி வந்து சொன்னார்.

உண்மையைச் சொன்னால் குதிரை பிழைக்கும், வேலை போகும். சொல்லாவிட்டால் குதிரை சாகும், குதிரை இல்லாத இடத்தில் குதிரைக்காரனுக்கும் வேலையில்லை. யோசித்தால் உண்மையே மேல். ஆனால் பொய் சொன்ன மனிதன் எப்போது யோசித்துச் சொன்னான்? போதாக்குறைக்கு, வெந்நீர் பட்டால் ஆத்தா என்ன செய்வாளோ என்ற பயம் வேறு. சாயந்தரம்வரை லாயத்தைச் சுற்றிவிட்டுச் சன்னாசி பங்களாவுக்குப் போனார்.

"துரை, நான் குதிரையை நடத்தலை. ஒத்தடமும் குடுக்கலை."

"ஏன் மேன்?"

"ஆத்தா கோவிச்சுக்குவான்னு."

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் நன்கொடை கொடுக்கும் துரையால் ஆத்தாவைக் குறை சொல்ல முடியவில்லை. சன்னாசிக்குத்தான் தீர்ப்பு வந்தது. குதிரை குணமாகும்வரை சன்னாசியே நடத்த வேண்டும். குணமான மறுநாள் அவர் புல்வெட்டும் கும்பலுக்குப் போக வேண்டும்.

தன் வேலைக்குத் தானே குழி வெட்டும் வேலையைச் சன்னாசி ஒழுங்காகவே செய்தார். முதலில் வாளியைத் தூக்கி நெஞ்சு உயரத்தில் கட்டினார். டச்சி ஒரே மூச்சில் குடித்துத் தீர்த்தது. ஒவ்வொரு ஒத்தடத்துக்கும் "மன்னிச்சுக்க ஆத்தா" என்றார். மன்னித்தாளோ என்னவோ, வீக்கம் வடியத் தொடங்கியது. அதுதான் அவருக்குக் கவலையாகவும் இருந்தது.

ஒத்தடம் தொடங்கிய ஐந்தாம் நாள் காலை நடையில் டச்சி தானாகக் குனிந்து பாதையோரப் புல்லைக் கடித்தது.

"இன்னும் வீக்கம் இருக்குன்னு சொல்லுங்க" என்றாள் வீரம்மா. "கிராணியா தொட்டுப் பாக்கப் போறாரு? பத்து நாள் ஓட்டலாம்."

மத்தியானம் கிராணி வந்தார். குதிரைக்கு நாலு முழம் தள்ளியே நின்றார்.

"வீக்கம் எப்படி?"

சன்னாசி டச்சியின் கழுத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை தடவினார்.

"வத்திருச்சுங்க."

"முழுசாவா?"

"முழுசா."

"அப்ப நாளைக்கு அஞ்சரைக்குப் பேர் கூப்பிடற பெரட்டுல புல்லுவெட்டு ஆளுங்களோட வந்து நில்லு. மண்வெட்டியை ஸ்டோர்ல வாங்கிக்க."

"சரிங்க" என்றார் சன்னாசி. "சாயந்தர நடை ஒண்ணு பாக்கி இருக்கு. முடிச்சுட்டு வாங்கிக்கிறேன்."