இடுப்பளவுத் தண்ணீர்

எங்கள் வீட்டில் யார் எதைத் தொடங்கப் போனாலும் முதலில் ஒரு கேள்வி வந்து வாசலில் நிற்கும்: "நமக்கெதுக்கு?" கிணற்றடியில் ஒட்டு மாங்கன்று வைக்கலாமா என்று அப்பா கேட்டால், "அது காய்க்கிறப்ப நாம இங்கயா இருக்கப் போறோம்? நமக்கெதுக்கு?" என்பார் அம்மா.

அதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த வீட்டையும் பொருளையும் கலவரத்தில் இழந்து, உடுத்த துணியோடு வன்னிக்கு வந்தவர்கள் அவர்கள். ஜெயபுரத்தில் பற்றைக் காட்டை வெட்டிக் குடியேறினார்கள். அங்கிருந்தும் எத்தனையோ தடவை மூட்டை கட்டினார்கள். ஆசைப்படாமல் இருந்தால் இழக்கவும் வேண்டியதில்லை என்பது அவர்கள் பட்டுக் கற்றது. நானோ அவ்வளவு படாமலே அதைக் கற்றுக்கொண்டேன். பள்ளி ஓட்டப்போட்டியில் விசில் ஊதுவதற்கு முன்பே நான் கடைசியாக ஓடி வருவது என் கண்முன் தெரியும். பிறகு அப்படியே ஓடியும் வருவேன்.

எஞ்சின் என்றால் மட்டும் எனக்குப் பயமில்லை. கழற்றிப் பார்த்தால் பிழை எங்கே என்று தெரிந்துவிடும். அதனால் முல்லைத்தீவில் ஒரு மோட்டார் சைக்கிள் கராஜில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேதான் ஒரு நாள் மதிய வெயிலில் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். வேர்த்து வழிந்துகொண்டிருந்தாள், ஆனாலும் முகத்தில் சிரிப்பு. ஸ்கூட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல, "கஷ்டம், சரிவராது போல கிடக்கு" என்றேன்.

"நீங்கள் இன்னும் திறந்தே பாக்கேல்லையே?" என்றாள்.

திறந்து பார்த்தேன். பிளக்கில் அழுக்கு. துடைத்து மறுபடி பூட்டியதும் ஓடியது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் கேலி பாதி, நன்றி பாதி. பிறகு அந்த ஸ்கூட்டி ஏதாவது ஒரு வருத்தம் என்று அடிக்கடி கராஜுக்கு வரத் தொடங்கியது. அவள் கடலோரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். அண்ணன் படகோட்டி மீன் பிடிக்கிறார். கலியாணப் பேச்சை எடுத்தபோதும் அம்மா அதே கேள்வியைத்தான் கேட்டார். அந்த ஒரு தடவை மட்டும் என்னிடம் பதில் இருந்தது.

கலியாணமான பிறகு அவர்கள் வீட்டு வழக்கம் எனக்குப் புதினமாக இருந்தது. அவள் அண்ணன், என் மச்சான், வெறும் வலையோடு கரைக்கு வந்த நாளில்கூட, அடுத்த நாள் பிடிக்கப்போகும் மீனைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட்டதும் குடும்பமே கடலை ஒட்டிய உப்பேரியான களப்புக்குக் குளிக்கப் போகும். கைக்குழந்தை முதல் மாமி வரை எல்லோரும் தண்ணீரில் இருப்பார்கள். நான் கரையில் இருப்பேன். வயல் காணியில் வளர்ந்த எனக்கு வாளித் தண்ணீரைத் தாண்டி எதுவும் பழக்கமில்லை.

மச்சான் தண்ணீருக்குள் நின்று கத்துவார்: "ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ. செருப்புக்கு மச்சான் காவல் இருக்கிறார்!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்த வேலை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

இப்படி இருக்கும்போது கராஜ் முதலாளி ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நான் மகளோட இருக்க கிளிநொச்சிக்குப் போகப்போறன். கராஜை நீர் எடுத்து நடத்தும். உம்மட கைக்குத்தான் இப்ப ஆக்கள் வருகினம்."

"ஐயோ அண்ணை, எனக்குச் சரிவராது" என்றேன். அவர் பேசி முடித்தாரா என்றுகூட எனக்கு நினைவில்லை.

"அவசரமில்லை. சித்திரை வருஷப் பிறப்புக்குப் பிறகு சொல்லும்" என்று அவர் போய்விட்டார்.

வீட்டில் வந்து சொன்னேன். மனைவி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஏன் சரிவராது என்று கேட்டாள். என்னிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. சாமான் விலை ஏறலாம். சந்தியில் வேறு ஒருவர் பெரிதாகக் கடை போடலாம். எனக்கே காய்ச்சல் வந்து படுத்துவிடலாம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "ஓம், எல்லாம் நடக்கலாம்தான். நல்லா நடந்தா என்ன செய்யிறதெண்டு யோசிச்சனீங்களோ?"

கராஜ் மூடிக் கிடக்கும் காட்சி எனக்குப் பூட்டின் துரு வரை தெரிந்தது. அது திறந்து ஆட்களோடு இருக்கும் காட்சியை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"வாற ஞாயிறு தண்ணிக்குள்ள இறங்குங்கோ. கராஜைப் பற்றிப் பிறகு கதைப்பம்" என்றாள்.

"ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்டுமில்லை. செருப்புக் காவலுக்கு ஆள் மாத்தவேணும்."

அந்த ஞாயிறு இறங்கினேன். அவள் என் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்து, மல்லாந்து படுக்கச் சொன்னாள். நான் பலகை மாதிரி விறைத்தேன். "தலையை விடுங்கோ. உங்களுக்குத் தலையிலதான் பாரம்" என்றாள். விட்டேன். அவள் கையை எடுத்ததும் கால் கீழே போனது, மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறியது. கையையும் காலையும் அடித்து, மூச்சுத் திணறி, இதோடு முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது அவள் குரல் அமைதியாகக் கேட்டது.

"இஞ்சாருங்கோ, எழும்பி நில்லுங்கோ."

எழுந்து நின்றேன். தண்ணீர் இடுப்பளவுதான்.

களப்பு முழுக்கச் சிரித்தது. மச்சான் சிரித்த சிரிப்பில் தண்ணீரைக் குடித்து அவரும் இருமினார். எனக்கு முதலில் வெட்கம். பிறகு, இருமிக்கொண்டே, எனக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை வருடமும் எத்தனை இடத்தில் இப்படி இடுப்பளவுத் தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருந்தேனோ என்று தோன்றியது. சில இடங்கள் உண்மையிலேயே ஆழம்தான். ஆனால் காலை ஊன்றிப் பார்த்தால்தானே தெரியும்.

அன்று துவாயால் தலையைத் துவட்டிக்கொண்டே, வெகுநாளாக மனதில் இருந்ததை அவளிடம் கேட்டேன். சுனாமி வந்தபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. அவளுடைய தகப்பனைக் கடல் கொண்டுபோனது. "உனக்குப் பயமா இல்லையா?"

"பயமில்லையெண்டு ஆர் சொன்னது?" என்றாள். "கனகாலம் கடல் பக்கமே தலைவைச்சுப் படுக்கேல்லை நான். பிறகு ஒரு நாள் அண்ணாவோட வந்து காலை மட்டும் நனைச்சன். அழுதன். அடுத்த நாள் முழங்கால் வரைக்கும். இப்பவும் பெரிய காத்தடிச்சா நெஞ்சு இடிக்கும். இடிக்கட்டும், அதுக்காக நான் குளிக்காமல் விடுறதோ?"

அதைச் சொல்லிவிட்டுத் தலைமுடியைப் பிழிந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் இப்படியே பிறந்தவள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இந்தச் சிரிப்பு அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டது என்று அன்றுதான் தெரிந்தது. பழகிக்கொள்ளக்கூடியது என்றால் எனக்கும் அது வரலாம்.

அதற்குப் பிறகு பல ஞாயிறுகள். குடித்த தண்ணீருக்குக் கணக்கில்லை. வேலை நாட்களில் கராஜிலும் ஒரு பழக்கத்தை மெல்ல ஏற்படுத்திக்கொண்டேன். யாராவது வண்டியோடு வந்தால், திறந்து பார்க்கும்வரை வாயைத் திறப்பதில்லை. நாக்கு நுனிவரை 'சரிவராது' வரும். விழுங்கிவிட்டு, "விட்டிட்டுப் போங்கோ, பார்ப்பம்" என்பேன்.

ஒரு ஞாயிறு, அவள் எப்போது கையை எடுத்தாள் என்றே எனக்குத் தெரியவில்லை. காதுகள் தண்ணீருக்குள் இருந்தன. உலகத்துச் சத்தமெல்லாம் தூரமாகப் போயிருந்தது. மேலே வானம், அதில் ஒற்றைக் கொக்கு. மிதக்கிறேன் என்று தெரிந்த அடுத்த கணம் சந்தோஷத்தில் கத்தினேன். வாயில் தண்ணீர் போனது. இந்த முறை நானாகவே எழுந்து நின்றேன்.

சித்திரை வருஷப் பிறப்பு முடிந்ததும் கராஜை எடுத்தேன். முதல் மாரியே சோதனை வைத்தது. கூரை ஒழுகி, கழற்றி வைத்திருந்த சாமான்கள் நனைந்து கிடந்தன. அவற்றின் நடுவே வாளியோடு நின்றபோது பழைய கேள்வி எட்டிப் பார்க்கத்தான் செய்தது. ஆனால் கூரையில் ஓட்டை எங்கே என்று பார்க்க ஏணி வேண்டியிருந்தது, அதைத் தேடிப் போய்விட்டேன். மச்சான் படகை மூடும் படங்குத் துணியைக் கொண்டுவந்து கட்டினார். அடுத்த நாளும் கராஜ் திறந்தது.

பிறகு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அம்மா வந்தார். பார்த்துவிட்டு உடனே போகிறேன் என்றவர், கராஜ் வாசலில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஜெயபுரத்திலிருந்து கொண்டுவந்த கச்சான் கடலையை, வண்டி திருத்த வந்த எல்லோருக்கும் கை நிறையக் கொடுத்தார். "எங்க மகன் கடைதான், உக்காருங்க. நல்லாச் செய்வான், பயப்படாதீங்க" என்று யாரோ ஒருவரிடம் சொல்வது உள்ளே வேலையாக இருந்த எனக்குக் கேட்டது. அம்மா என்னைப் பற்றி அப்படிச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. கையிலிருந்த ஸ்பானர் வழுக்கியது, எண்ணெய்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் மச்சான் என்னைப் படகில் கூட்டிப்போனார். கரை மறைவதற்குள் வாந்தி தொடங்கிவிட்டது. போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. இடையில் ஒரு முறை மட்டும் நிமிர்ந்து, மச்சானோடு சேர்ந்து வலையை இழுத்தேன். அதில் ஒரு நல்ல பாரை மீன் துள்ளியது. அதை என் பங்கு என்று வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

மனைவி புளியும் தேங்காய்ப் பாலும் விட்டுக் குழம்பு வைத்தாள். நான் மூன்றாம் தடவை சோறு போட்டுக்கொண்டபோது, "இனியும் போவியளோ?" என்று கேட்டாள்.

வாய் நிறையச் சோறு இருந்ததால் ஓமென்று தலையை மட்டும் ஆட்டினேன்.