படகு வரும்வரை முதலாம் வகுப்பு

நெடுந்தீவில் எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் மணி சரியான நேரத்துக்கு அடிக்கும். ஆசிரியர்கள் படகு வரும்போதுதான் வருவார்கள். அவர்களில் பலர் யாழ்ப்பாண நகரத்துப் பக்கமிருந்து விடிய முன்னரே புறப்பட்டு, குறிகட்டுவான் வரை பேருந்தில் வந்து, அங்கிருந்து கடலைக் கடந்து வருபவர்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் படகு பிந்தும். அந்த நேரங்களில் தீவிலேயே தங்கியிருக்கும் அதிபர் மட்டும் விறாந்தையில் மேலும் கீழும் நடந்து, எல்லா வகுப்புகளையும் ஒரே குரலால் அடக்கிக்கொண்டிருப்பார்.

மகள் முதலாம் தரத்தில் சேர்ந்த வருடம், முதல் பெற்றோர் கூட்டத்துக்கு நான் ஒரு பட்டியலோடு போனேன். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் தொழில்நுட்ப வேலை எனக்கு. எதையும் எழுதி இலக்கம் போடாமல் தொடங்க மாட்டேன். "என்னையும் உப்பிடி ஒரு பட்டியலிலை இருந்துதானே தெரிஞ்செடுத்தனீர்?" என்று என் கணவர் கேட்பார். பள்ளிக்கூடத்துக்குப் பெற்றோர் செய்யக்கூடியவை என்று அன்று நான் எழுதியிருந்தவை இவை: சுற்றாத மின்விசிறி, கால் ஆடும் கதிரைகள், இறுக்கினாலும் ஒழுகும் தண்ணீர்க் குழாய், கொளுக்கி இல்லாத யன்னல். எல்லாமே என் கருவிப் பெட்டிக்குள் அடங்கும் வேலைகள்.

முதலாம் தர ஆசிரியை அதை வாங்கி முழுவதும் வாசித்தார். என்னைவிடச் சில வயது மூத்தவர். நகரத்திலிருந்து நாள்தோறும் வந்து போகிறவர்.

"நல்லாய் எழுதியிருக்கிறீர். உதெல்லாம் செய்யத்தான் வேணும். ஆனா எனக்கு முதல் வேண்டியது ஆக்கள்."

"என்ன ஆக்கள், ரீச்சர்?"

"படகு வருமட்டும் என்ரை பிள்ளையளோடை இருக்கிறதுக்கு. படிப்பிக்க வேண்டாம். கூட இருந்தாக் காணும்."

பிறகு வெறுங்கதிரைகளைப் பார்த்தார். வந்திருந்தவர்கள் பாதிப் பேர்தான். "வராத ஆக்களுக்குப் போய்ச் சொல்லுங்கோ. அம்மாவோ அப்பாவோ இந்த வாசலுக்குள்ளை வாறதைக் கண்டால் ஒரு பிள்ளையின்ரை முகம் எப்பிடி மாறுது எண்டு எனக்குத்தான் தெரியும். நீங்கள் வரவேணும்."

பின்வரிசையில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு அரைத்தூக்கத்தில் இருந்தார். மகளின் வகுப்பில் படிக்கும் இரட்டைப் பிள்ளைகளின் அப்பா. இரவெல்லாம் கடலில் மீன் பிடித்துவிட்டு நேரே வந்தவர்.

"எல்லாம் சரி ரீச்சர். உங்கடை பிள்ளையின்ரை பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் போறனீங்களோ?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியையும் சிரித்தார். ஆனால் மற்றவர்கள் சிரித்து முடிந்த பிறகுதான். என் பட்டியலை இரண்டாக மடித்து மேசையில் வைத்துவிட்டு, "சரி, திங்கக்கிழமை ஆர் வாறியள்?" என்றார்.

எல்லோரும் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாயைக் குடுத்தது நான்தானே," என்றார் இரட்டையரின் அப்பா. "நானே வாறன்."

அந்தத் திங்கட்கிழமை நான் மின்விசிறியைக் கழற்றுவதற்காக ஏணியில் நின்றேன். அதனால் எல்லாவற்றையும் மேலிருந்து பார்க்கக் கிடைத்தது. அவர் வெளுத்த சேட்டும் மடிப்புக் குலையாத காற்சட்டையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வாசலிலேயே பிள்ளைகள் மறித்தார்கள்.

"மாமா, செருப்பு வெளியிலை."

செருப்பைக் கழற்றினார்.

"மாமா, கதைக்கிறதெண்டால் கை உயத்தவேணும்."

அவர் கையை உயர்த்தினார். முன்வரிசைச் சிறுமி ஆசிரியையைப் போலவே தலையைச் சாய்த்து, "ஓம், சொல்லுங்கோ," என்றாள்.

"நான் எங்கை இருக்கிறது?"

ஆசிரியையின் கதிரையில் இருக்கக்கூடாது என்று வகுப்பு ஒருமனதாகத் தீர்மானித்தது. ஆகவே பிள்ளைகளின் சின்னக் கதிரை ஒன்றில், முழங்கால்கள் காது மட்டத்துக்கு வர, அவர் குந்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் ஒரு மீன் கீறினார். அது விமானம் என்று ஒரு பகுதியும் வௌவால் என்று மறு பகுதியும் வாதிட்டன. அது திருக்கை மீன் என்று கடைசிவரை அவரால் ஒப்புக்கொள்ள வைக்க முடியவில்லை. அவருடைய இரண்டு பையன்களும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை சொன்ன முகமாற்றத்தை அன்று நான் ஏணியில் நின்று கண்டேன். கையில் பிடித்திருந்த ஆணி கீழே விழுந்ததுகூடத் தெரியவில்லை.

அதன் பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வெட்கப்பட்ட அம்மாமார் முதலில் யன்னலோடு நின்றார்கள். பிறகு உள்ளே வந்தார்கள். ஒருவர் பொத்தான் தைத்துக் கொடுத்தார், ஒருவர் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார், ஒருவர் தன் கைக்குழந்தையையும் தூக்கி வந்தார். அன்று முழுவதும் அந்தக் குழந்தைதான் பாடம். நான் கிழமைக்கு ஒருமுறை, வேலைமுறை மாறும் காலையில் போவேன். என் பட்டியல் எப்படியோ முடிந்துவிட்டது. கதிரைகளை இறுக்கியபோது பிள்ளைகள்தான் ஆணி எடுத்துத் தந்தார்கள்.

சோளகம் உரத்த ஒரு பிற்பகல் படகு ஓடாது என்று சொல்லிவிட்டார்கள். இறங்குதுறை வரை போய்க் கடல் தெறித்து நனைந்து திரும்பிய ஆசிரியையை நான் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய தொலைபேசி ஒலித்தது. திரையில் விளையாட்டுச் சட்டையுடன் அவருடைய மகள். மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள்.

"அம்மா, நாளைக்கு விளையாட்டுப் போட்டிக்கு வருவியளோ?"

"காத்துப் பெரிசாக் கிடக்குது அம்மாச்சி. சித்தி வருவா."

"சித்தி அம்மா இல்லையே. அம்மாமாரின்ரை ஓட்டம் இருக்கு. சித்தி ஓட ஏலாது."

"பாப்பம் செல்லம்."

"எல்லாமுறையும் பாப்பம் எண்டுதான் சொல்லுறனீங்கள்."

தொடர்பு அறுந்தது. காற்றினாலா, பிள்ளை வைத்துவிட்டாளா என்று தெரியவில்லை. ஆசிரியை தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"நாளைக்கு லீவு போட்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"எப்பிடிப் போடுறது? ரெண்டாம் வகுப்பு ரீச்சர் பிரசவ லீவிலை. அந்தப் பிள்ளையளும் என்னோடைதான். போனமுறை ஒருநாள் நான் வராததுக்கு அதிபர் பிள்ளையளை வீட்டை அனுப்பவேண்டி வந்தது. வெயிலுக்குள்ளை நடந்து வந்ததுகள், அப்பிடியே நடந்து திரும்பிச்சுதுகள்." கோப்பையைக் கீழே வைத்தார். "அவளின்ரை விளையாட்டுப் போட்டிக்கு முதலாம் வகுப்பிலையும் போகேல்லை, ரெண்டிலையும் போகேல்லை. இனி அவள் கேக்கிறதை விட்டிடுவாள். அதுதான் எனக்குப் பயம்."

பெற்றோர் கூட்டத்தில் பிந்தி வந்த அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் இரட்டையரின் அப்பாவுக்கு அழைப்பு எடுத்தேன். கடலுக்குப் போகாத நாள், வீட்டில்தான் இருந்தார். சற்று நேரத்தில் இடுப்பில் கட்டிய சாரத்தை ஒரு கையால் பிடித்தபடி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். விசயத்தைச் சொன்னேன்.

"அண்டைக்கு நான் கேட்டது பகிடிக்கு, ரீச்சர்."

"தெரியும்."

"பேந்து ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்லுறது? போறேல்லை எண்டோ?"

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு என்னிடம் திரும்பி, "தங்கச்சி, படகு வருமட்டும் வகுப்பிலை இருக்கிறம்தானே. நாளைக்குப் படகு வாறேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு பள்ளிக்கூடம் விடுமட்டும் இருந்தால் என்ன?" என்றார்.

அதிபரிடம் தொலைபேசியில் கேட்டேன். "பெற்றோர் இருக்கலாம், பொறுப்பு என்ரை. நடுத்தட்டியைக் கழட்டி ரெண்டு வகுப்பையும் ஒண்டாக்குங்கோ. நானும் என்ரை மேசையை அங்கை போடுறன். ஆனா ரீச்சரை லீவுக் கடிதம் எழுதித் தந்திட்டுப் போகச் சொல்லுங்கோ, போன பிறகு கேட்டால் தரமாட்டா."

ஆசிரியை கடைசியாக ஒரு தடை சொன்னார். "படகு ஓடினால்தானே."

"விடியக் காத்துக் கொஞ்சம் படுக்கும்," என்றார் இரட்டையரின் அப்பா. "முதல் படகு போகும். நான் வந்து ஏத்திறன்."

காலையில் ஆசிரியையின் சேலை காயவில்லை. என்னுடைய மயில்நீலச் சேலையைக் கொடுத்தேன். பின்னால் பெட்டி பூட்டிய லான்மாஸ்டர் உழவு இயந்திரத்தோடு இரட்டையரின் அப்பா வாசலில் வந்து நின்றார். மோட்டார் சைக்கிளில் ஏற்றினால் ரீச்சர் விழுந்துவிடுவார் என்று பையன்கள் சொன்னார்களாம். அந்த இரண்டு பேரும் பெட்டியின் இருபுறமும் காவலுக்கு நின்றிருந்தார்கள். என் மகளும் ஏறிக்கொண்டாள். கல்மதில்களுக்கிடையே குலுங்கிக் குலுங்கிப் போனோம். ஆசிரியை ஒரு கையால் சேலையையும் மறுகையால் என் தோளையும் பிடித்திருந்தார்.

இறங்குதுறையில் படகுக்காரர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் போகலாம் என்றார், ஒருவர் பொறுப்போம் என்றார். இரட்டையரின் அப்பா தள்ளி நின்று அலையைப் பார்த்தார். அவசரப்படுத்துவார் என்று நினைத்தேன். கடல் விசயத்தில் அவர் யாரையும் நெருக்குவதில்லை என்று பிறகு அவருடைய மனைவி சொன்னார். ஆசிரியை தன் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். கடைசியில் படகுக்காரர்களில் மூத்தவர், "ஏறுங்கோ, பேந்து ஏலாது," என்றார்.

படகு நகரத் தொடங்கியதும்தான் ஆசிரியைக்கு வகுப்பு ஞாபகம் வந்தது. இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கத்தினார்.

"முன்வரிசைப் பிள்ளைக்குப் பென்சிலை இறுக்கிப் பிடிக்க வேண்டாமெண்டு சொல்லும்! யன்னல் பக்கம் இருக்கிறவன் தண்ணி கேக்கமாட்டான், கேளாமலே குடுக்கவேணும்! கணக்கெண்டால் ஒராளுக்கு வயித்துக்குத்து வரும், நம்பாதேங்கோ!"

"அது என்ரை பெடியன்தான்," என்றார் இரட்டையரின் அப்பா. பெட்டியில் நின்ற இருவரில் ஒருவன் வேறு பக்கம் பார்த்தான்.

வகுப்புக்கு நான் ஒரு திட்டம் எழுதியிருந்தேன். மொழி, இடைவேளை, கணிதம், சுற்றாடல், கை வேலை. மொழியில் இரண்டு சொல் எழுதுவதற்குள் ஒரு கை உயர்ந்தது.

"அன்ரி, ரீச்சர் இப்ப எங்கை நிப்பா?"

"குறிகட்டுவானிலை இறங்கியிருப்பா."

"பேந்து?"

என் திட்டத்தை மடித்து வைத்தேன். கரும்பலகையின் ஒரு ஓரத்தில் நெடுந்தீவைக் கீறி, மறு ஓரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கீறினேன். இடையில் எல்லாவற்றையும் பிள்ளைகள் போட்டார்கள். கடல், குறிகட்டுவான், புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம். பெயர்களை எழுதினோம், அது மொழி. பேருந்தில் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று கணக்குப் போட்டோம். வயிற்றுக்குத்துக்காரன்தான் நடத்துனர், ஒரு பயணியையும் விடாமல் எண்ணினான். புங்குடுதீவில் பேருந்து பழுதாகிவிட்டது என்று யாரோ ஒரு குறும்பன் சொன்னதில் ஒரு சிறுமி அழத் தொடங்கினாள். அதிபர் தன் மேசையிலிருந்தபடியே, "நான் இப்பத்தான் கதைச்சனான், பஸ் திருத்தியாச்சு," என்றார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் கதிரைகளை இழுத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடம் விடும் மணி அடித்தது. ரீச்சரின் சேதி வராமல் ஒருவரும் எழும்பவில்லை. கூட்டிப்போக வந்த பெற்றோர் வாசலில் நின்றார்கள். விசயத்தைக் கேட்டு உள்ளே வந்தார்கள். அவ்வளவு பேர் எந்தப் பெற்றோர் கூட்டத்துக்கும் வந்ததில்லை. கதிரை போதாமல் தரையில் இருந்தார்கள். எனக்கும் திரும்பத் திரும்பத் தொலைபேசியைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஆசிரியை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று கேட்டு அனுப்பிய செய்திக்குப் பதில் இல்லை.

பிறகு ஒரு காணொளி வந்தது. அவருடைய தங்கை எடுத்தது. கை நடுங்கிய படம். சுண்ணாம்புக் கோட்டில் அம்மாமார் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் ஒரு மயில்நீலம்.

"அது என்ரை அம்மான்ரை சாறி!" என்று என் மகள் கத்தினாள்.

ஆசிரியை தலைப்பை இடுப்பில் சொருகி, வெறுங்காலோடு நின்றார். விசில் ஊதியது. அவர் ஓடத் தொடங்கியதும் வகுப்பு முழுவதும் எழும்பி, "ஓடுங்கோ ரீச்சர், ஓடுங்கோ!" என்று கூவியது. இரட்டையரின் அப்பாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே. பாதித் தூரத்தில் மற்ற அம்மாமார் அவரை முந்திவிட்டார்கள். அவருக்குப் பின்னால் ஒரே ஒருவர்தான் வந்தார், அவரும் செருப்பைத் தவறவிட்டதால். முடிவுக் கோட்டுக்கு அப்பால் விளையாட்டுச் சட்டை போட்ட ஒரு பிள்ளை கயிற்றைத் தாண்டி ஓடி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அம்மாவின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தாள். படம் அதோடு வானத்தைக் காட்டி நின்றது.

அம்மாமார் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு அது விளங்கவில்லை. அவர்களுடைய கவலை வேறு.

"இன்னொருக்காப் போடுங்கோ அன்ரி," என்றான் பேருந்து நடத்துனர். "இந்தமுறை ரீச்சர் வெண்டு முதலாவதா வந்திடுவா."

போட்டேன். அதிபரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசையை விட்டு எழும்பி வந்தார். விசில் ஊதியது. எல்லோரும் திரும்பவும் கூவினோம்.